தொரை வண்டிக்கு வழி

ருவான்வெல்லை
18.02.2025, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

ஷாமிளா எழுதிக்கொள்வது. நேற்றுத்தானே வீடியோவில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று கவரைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறோம், நன்றாகத் தூங்குகிறோம். உங்கள் முகம்தான் ஒட்டிப்போயிருக்கிறது. ஃபோனைத் தாழ்த்திப் பிடித்துப் பேசினால் கன்னம் உப்பித் தெரியும் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, எனக்குத் தெரியாமல் போகுமா?

நம் வீட்டில் ஃபோன் பேசும் அழகு உங்களுக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டால்தான் அத்தைக்குக் கேட்கும். அத்தைக்குக் கேட்டால் மாமாவுக்குக் கேட்கும். மாமாவுக்குக் கேட்டால் தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பரா முழுக்கக் கேட்கும். இந்த விஷயமோ மாமாவுக்குத் தெரியாமல் உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டியது. எங்கள் ட்ரைவிங் லேர்னர்ஸ் முதலாளி புவாட் நானாவின் தம்பி பவாஸ் லீவு முடிந்து சனிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அத்தை இடித்த மாசிச் சம்பல் போத்தலோடு இந்தக் கவரையும் அவர் பையில் வைத்துவிடுகிறேன். உங்கள் கேம்பில் இரண்டு அறை தள்ளி இருப்பவர்தானே, ஞாயிற்றுக்கிழமை கையில் தந்துவிடுவார்.

மாமாவுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். "அஜந்தன்கிட்ட ஃபோன்ல சொல்லிறாதம்மா" என்று கேட்டார். சரி மாமா என்றேன். இன்றுவரை ஃபோனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பொங்கலன்று நீங்கள் பேசியதில் இருந்து தொடங்குகிறேன். போன ஏப்ரல் லீவில் வந்து அந்த வெள்ளை மாருதியை வாங்கி, லயத்து முடக்கில் நிறுத்தி, சாவியை மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அத்தையை மாதா மாதம் கேகாலைக்கு சீனி வருத்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும், இரண்டு பஸ் மாறி அவர் கால் வீங்கக் கூடாது, அதுதான் உங்கள் ஆசை. பத்து மாதமாகக் கார் படங்குக்குக் கீழேயே கிடக்கிறது. ஒரு தடவை பேட்டரி இறங்கிவிட்டது என்றார். அடுத்த தடவை மழை, பாதை வழுக்கும் என்றார். பிறகு டயர். அதற்குப் பிறகு சித்திரை பிறக்கட்டும் என்றார். பொங்கலன்று உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "தொரை வண்டின்னா இருபத்துநாலு வருசம் ஓட்டுவீங்க, மகன் வண்டின்னா கசக்குதா" என்று கேட்டீர்கள். மாமா ஃபோனை அத்தை கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்றைக்குப் பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் "சுகமா, சுகம்" என்ற இரண்டு சொல்தான் போய்வருகிறது. பொங்கல் பானையைப் பார்த்தபடி அவர் நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது, அத்தான்.

அந்தக் கார் அவருக்கு ஒரு நாளும் கசக்கவில்லை. தினமும் காலையில் படங்கைத் தூக்கித் துடைக்கிறார். கோழி ஏறினால் தடி எடுக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, முடக்கிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறார். பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மாமாவிடம் லைசன் இல்லை. தொலைந்தும் போகவில்லை, காலாவதியும் ஆகவில்லை. எடுக்கவே இல்லை.

உங்களுக்கு நம்புவது கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. தோட்டத்து ரப்பர் பால் ட்ராக்டரை இருபத்துநாலு வருடம் மேற்பிரிவில் பால் நிறுக்கும் மடுவத்திலிருந்து பெக்டரி வரைக்கும் ஓட்டியவர். அந்தப் பாதை முழுக்கத் தோட்டத்துக்கு உள்ளேதான். பழைய ட்ரைவர் திடீரென்று விலகிப்போனதும், அப்போது தோட்டத்து மேனேஜராக இருந்த தொரை இவரைக் கூப்பிட்டு, "கேட்டுக்கு உள்ள லைசன் எதுக்கு நாகலிங்கம், பொறகு எடுத்துக்கலாம்" என்று சாவியைக் கொடுத்தாராம். அந்தத் தொரை மாறி, அவருக்குப் பிறகு ஐந்து தொரை மாறியும் அந்தப் "பொறகு" வரவில்லை. பால் வண்டி கேட் தாண்டி வெளிப்பாதைக்குப் போக வேண்டிய நாளில் ஸ்டோரிலிருந்து வேறு ட்ரைவர் வருவாராம். இவர் இறங்கிக்கொள்வாராம். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒன்று வைத்திருப்பாரே, லைசன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, அது அவருடைய அடையாள அட்டை.

உங்களிடம் ஏன் மறைத்தார் என்று அத்தையிடம் கேட்டேன். நீங்கள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்களாம். தகப்பன் தொழில் என்ற இடத்தில் கணக்கப்பிள்ளை "தொழிலாளி" என்று எழுதிக்கொடுத்ததை, நீங்கள் அழித்துவிட்டு "சாரதி" என்று எழுதிக் கொண்டுபோய் மாமாவிடம் காட்டினீர்களாம். "அன்னைக்குப் புள்ளைகிட்ட சொல்லியிருக்கணும், வாய் வரல. அதுக்கப்புறம் சொல்ற நாளே வரல" என்றார் அத்தை. உங்களுக்கு அந்தப் படிவம் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, அவருக்கு இருக்கிறது.

எனக்கு இது தெரியவந்தது போன ஆகஸ்டில். அன்றைக்கு என்னிடம் வண்டி பழகும் ஆறு பிள்ளைகளை லைசன் ட்ரையலுக்குக் கேகாலைக்குக் கூட்டிப்போயிருந்தேன். மழை கொட்டியதில் ட்ரையலைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். பத்தரை மணிக்கே லேர்னர்ஸுக்குத் திரும்பிவிட்டேன். நுழைந்தால், வாங்கில் பதினெட்டு வயதுப் பையன்கள் நாலு பேருக்கு நடுவே மாமா உட்கார்ந்திருக்கிறார். தலை வாரி, கல்யாணத்துக்குப் போகும் சட்டை போட்டு, கையில் இரண்டு போட்டோ. என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். நானும் நின்றுவிட்டேன். புவாட் நானாவுக்கு எங்கள் உறவு தெரியும், ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "புது ஆள் ஷாமிளா, வேற ஒருத்தரும் ஃப்ரீ இல்ல, நீங்கதான் எடுக்கணும்" என்றுவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். அந்த மனுசனுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அடுத்த கஷ்டம், உட்காருவது. நான் வந்த நாளில் இருந்து மாமா இருக்கும் இடத்தில் கதிரையில்கூட உட்கார்ந்ததில்லை. இப்போது அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும், என் காலடியில் ஒரு பிரேக், அவர் காலடியில் ஒரு பிரேக். முதல் நாள் இரண்டு பேரும் காருக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்றோம். கடைசியில் அவரே போய் என் சாப்பாட்டுப் பையை எடுத்து நடுவில் வைத்தார். ஏறினோம். அன்றைக்கு ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார், கார் ஓடும்போது நான் "மிஸ்". இறங்கினால் பழையபடி "அம்மா". இன்றுவரை ஒரு தடவைகூட மாற்றிக் கூப்பிட்டதில்லை. "மிஸ், கண்ணாடிய பார்த்தேன், சிக்னலும் போட்டேன், போகவா" என்பார். நான் மெதுவாகச் சொன்னால் போதும். மற்றப் பிள்ளைகளுக்குத் தொண்டை வற்றக் கத்துகிறவள் இவருக்கு மட்டும் "மாமா, கிளச்" என்று கோயிலில் பேசுவதுபோலப் பேசுகிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரகம். ஷிப்னா எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். திறந்ததும் "பஸ் போயிட்டா மிஸ்" என்று என்னைக் கேட்பாள். ஐம்பத்தொரு வயது மர்லியா டீச்சர் நாய்க்கும் "ஸொரி" சொல்லிக்கொண்டு ஓட்டி, முதல் ட்ரையலிலேயே பாஸ் பண்ணிவிட்டார். ஃபோனில் கார் ரேஸ் விளையாடிப் பழகிய பையன்கள்தான் மோசம், இடித்தால் மறுபடி முதலிலிருந்து வரும் என்று நினைக்கிறார்கள். ட்ரையல் நாளில் டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்காத ஆளே கிடையாது. ஒரு தடவை எக்ஸாமினர் மைதானத்தில் நசுங்கிக் கிடந்ததை எண்ணிவிட்டு, இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோனால் ஊறுகாய் போடலாம் என்றார்.

இத்தனை பேரிலும் வண்டி மாமாவுக்கு வருகிறதுபோல ஒருவருக்கும் வராது. பின்னால் ட்ரெயிலர் கட்டி, பால் தளும்பாமல், மலைப்பாதையில் ரிவர்ஸ் எடுத்த கை அது. மற்றவர்கள் அழுதுகொண்டு எடுக்கிற ரிவர்ஸை ஒரு கையால் எடுக்கிறார். எழுத்துப் பரீட்சைக்குப் பாதை அடையாளங்கள் எல்லாவற்றையும் அத்தை கேட்கக் கேட்கப் படித்தார், பாஸாகிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார், அதை மட்டும் மாற்ற முடியவில்லை. இவருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இல்லை, முதல் தடவையே லைசன் கையில் என்று நினைத்திருந்தேன். முதல் தடவையும் ஃபெயில், இரண்டாம் தடவையும் ஃபெயில்.

நவம்பரில் முதல் ட்ரையல். முன்னால் மாமாவும் எக்ஸாமினரும், பின்னால் நானும் இன்னொரு பிள்ளையும். பின் சீட்டில் இருக்கும் நான் வாய் திறக்கக் கூடாது. மைதானத்து வேலை எல்லாம் முடித்து, எக்ஸாமினரே தலையை ஆட்டிச் சந்தோஷப்பட்டு, பெரிய பாதைக்கு வந்தோம். பெரிய பாதை நம்முடையது, பக்கத்துப் பாதையில் வருகிறவர்தான் நின்று வர வேண்டும். பக்கத்துப் பாதையில் ஒரு வெள்ளை டபுள் கேப் வண்டி மூக்கை நீட்டியது. மாமா நட்டநடுப் பாதையில் காரை நிறுத்தி, என்ஜினையும் அணைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் வந்த பஸ் பிரேக் அடித்து, இடிக்காமல் நின்றது. எக்ஸாமினர் சிங்களத்தில் "ஐ நெவத்துவே", ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். மாமாவும் சிங்களத்தில் பணிவாகப் பதில் சொன்னார், "தொர எனவா, மஹத்தயா". தொரை வருகிறார் ஐயா. எக்ஸாமினர் கேப்பைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒரு ஆள், பின்னால் நிறைய முட்டைத் தட்டு.

சிரிக்காதீர்கள். நானும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளிக்கும்போது சிரித்தேன், பிறகு அழுதேன். உங்களுக்குத் தெரியாததா? தோட்டத்தில் கேப்போ ஜீப்போ, தொரை வண்டி என்று வந்தால் ட்ராக்டரை ஓரம்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். தொரை ஏதாவது சொன்னால் கேட்க வேண்டும் அல்லவா, சத்தம் இருக்கக் கூடாது. அவர் போன பிறகுதான் ஸ்டார்ட். ஒரு நாளைக்கு நாலு தடவை, இருபத்துநாலு வருடம். இரண்டாவது ட்ரையல் டிசம்பரில். அதற்குள் நான் நூறு தடவை சொல்லியிருந்தேன், அவரும் நூறு தடவை சரி மிஸ் என்றிருந்தார். அன்றைக்கு வந்தது கறுப்பு ஜீப். மறுபடியும் நின்றோம், மறுபடியும் என்ஜின் நின்றது. திரும்பி வரும் வழியில், "மூளைக்குத் தெரிஞ்சிச்சு மிஸ், காலுக்குத் தெரியல" என்றார். அது நடந்து மூன்று வாரத்தில் பொங்கல். நீங்கள் கேட்ட கேள்வி எந்த இடத்தில் போய் விழுந்தது என்று இப்போது விளங்குகிறதா?

உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் தெரியாமல் கேட்டீர்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர், "போதும்மா, சாவிய வித்துரச் சொல்லு" என்று ஒரு மாதம் லேர்னர்ஸ் பக்கம் வரவில்லை. சாவியை விற்பதாம். கோபத்தில் மனுசருக்குப் பேச்சுக்கூடச் சரியாக வரவில்லை.

திரும்பக் கூட்டிவந்தது அத்தைதான். போன ஞாயிற்றுக்கிழமை நான் லேர்னர்ஸ் காரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்ததும், "ரெண்டு பேரும் அப்படி என்னதான் பண்றீங்கன்னு பார்க்குறேன்" என்று புதுச் சேலை கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறிவிட்டார், மாமாவும் ஏற வேண்டியதாயிற்று. டவுன் வரைக்கும் போய்த் திரும்பினோம். தோட்டத்துக்குப் போகும் முச்சந்திக்கு வரும்போது, உள் பாதையிலிருந்து வெள்ளை கேப் இறங்கிவந்தது. இந்தத் தடவை முட்டைக்காரர் இல்லை, உண்மையான தொரையே. புதிதாக வந்திருப்பவர், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கள் எல் போர்டைக் கண்டதும் மரியாதையாக நின்று, போங்கள் என்று கையைக் காட்டினார். மாமா அதற்கு முன்னமே நின்று என்ஜினை அணைத்துவிட்டார். குனிந்து, நீங்கள் போங்கள் தொரை என்று இவர் கையைக் காட்டினார். அவர் மறுபடி கையைக் காட்டினார். இவர் மறுபடி குனிந்தார். பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ரப்பர் ஷீட் ஏற்றிய லொறி, இரண்டும் ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டன. என் பக்கம் இருப்பது பிரேக் மட்டும்தான், நிறுத்த முடியும், எடுக்க முடியாது.

அப்போது அத்தை பேசினார். சத்தம் போடவில்லை. "முப்பது வருசமா நானும் பால் வாளியோட ஓரமா நின்னு அந்த வண்டிக்கு வழி விட்டவதான். இன்னைக்குத்தான் கார்ல ஒக்காந்திருக்கேன். எனக்குக் கிளினிக்குக்கு நேரமாச்சு, எடுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை, அத்தான். எந்தக் கிளினிக் திறந்திருக்கும்? மாமா கண்ணாடியில் அத்தையைப் பார்த்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். மாமா ஸ்டார்ட் பண்ணி, சிக்னல் போட்டு, தொரை வண்டிக்கு முன்னால் எடுத்தார். முகம் வேர்த்துவிட்டது. தொரை எதையும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளை மறுநாள் வியாழக்கிழமை மூன்றாவது ட்ரையல். இதிலும் ஃபெயிலானால் இனி ட்ரையல் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், சொன்னால் செய்கிறவர். கடிதத்தை மூடாமல் வைக்கிறேன். முடிந்ததும் மிச்சத்தை எழுதுகிறேன்.


20.02.2025, வியாழக்கிழமை, பின்னேரம்

இப்போதுதான் தேத்தண்ணி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். லேர்னர்ஸ் மேசையிலேயே எழுதுகிறேன், வீட்டில் எழுதினால் என்ன எழுதுகிறாய் என்று அத்தை கேட்பார்.

காலையில் மாமா வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். காலில் சப்பாத்து. உங்களுடைய பழைய கறுப்புச் சப்பாத்து, கட்டிலுக்குக் கீழே விட்டுவிட்டுப் போனீர்களே, அது. உங்கள் கால் அவர் காலைவிடப் பெரியது. முன்னால் பேப்பர் சுருட்டி அடைத்திருந்தார். வெறுங்காலோடு போய்த்தானே இரண்டு தடவையும் தொரைக்கு நின்றது, இந்தக் கால் வேறு காலாக இருக்கட்டும் என்று அத்தையிடம் சொன்னாராம். எலுமிச்சம்பழம் வேண்டாம் என்றுவிட்டார். பிள்ளையாருக்குத் தேங்காய்கூடப் பிறகு பார்க்கலாம் என்றார்.

அதே எக்ஸாமினர். மூன்றாம் தடவையாக மாமாவைக் கண்டதும் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் போட்டதுபோல எனக்குத் தோன்றியது. நான் பின் சீட்டில். மைதானம் முடிந்தது. பெரிய பாதைக்கு வந்தோம். கேகாலையில் வெள்ளை கேப்புக்கா பஞ்சம்? பள்ளிக்கூடத்தைத் தாண்டி இரண்டாவது சந்தியில் ஒன்று இறங்கிவந்தது. கழுவி மினுங்குகிற புது வண்டி, முன்னால் கொடிக் கம்புகூட இருந்தது. யாரோ பெரிய ஆள்தான்.

மாமாவின் முழங்கால் எழும்புவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். கார் மெதுவானது. எனக்கு வாய் திறக்க உரிமை இல்லை. கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைப் பல்லுக்குள் பிடித்துக்கொண்டேன். உங்கள் அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக என் முன்னால் தனக்குத்தானே பேசினார். மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்க, "கிளினிக்குக்கு நேரமாச்சு" என்றார். முழங்கால் இறங்கியது. கார் எடுத்தது. ஹார்ன் அடிக்காமல், விலகாமல், தன் பாதையிலே நேராகப் போனார். அந்தப் பெரிய ஆள் நின்றார். நாங்கள் போகும்வரைக்கும் நின்றார்.

எக்ஸாமினருக்குத் தமிழ் தெரியாது, என்ன சொன்னாய் என்று கேட்டார். வீட்டம்மாவுக்குக் கிளினிக், நேரமாகிவிட்டது ஐயா என்று மாமா சிங்களத்தில் சொன்னார். எக்ஸாமினர் மணிக்கூட்டைப் பார்த்தார், பேப்பரில் எழுதினார். திரும்பி வந்து இறங்கும்போது, அப்படியானால் தாமதிக்காமல் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். பாஸ், அத்தான். பாஸ்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. ஒரு ஓரமாகப் போய் சப்பாத்தைக் கழற்றி, தூசி தட்டி, பேப்பரை எடுத்துவிட்டு, பையில் பத்திரமாக வைத்தார். பிறகு என்னிடம் வந்து, காரை விட்டு இறங்கியிருந்தும், "பெரிய உபகாரம் மிஸ்" என்றார். அதற்குப் பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பசிக்குதாம்மா, ஏதாச்சும் சாப்புடுவமா" என்றார். அந்த "அம்மா"வில் எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு பேரும் எதிரெதிரே கதிரையில் உட்கார்ந்து கொத்து ரொட்டி சாப்பிட்டோம். ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

தற்காலிக லைசன் கடதாசி அடுத்த கிழமைதான் கையில் வரும். அதுவரைக்கும் மாருதியைக் கேட்டுக்கு வெளியே எடுக்க மாட்டாராம். இருபத்துநாலு வருடம் லைசன் இல்லாமல் ஓட்டியவர் இந்த ஆறு நாளுக்குச் சட்டம் பேசுகிறார். பிளாஸ்டிக் உறையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு, உறையைக் காலியாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அத்தைக்கு அடுத்த கிளினிக் நாலாம் தேதி. அத்தை இப்போதே சேலை தேடுகிறார்.

இனி நான் கேட்பது. அடுத்த கிழமை மாமா தானாகவே ஃபோனை வாங்கிப் பேசுவார். பேட்டரி மாத்தியாச்சு, காரை எடுத்துட்டேன் என்பார். நம்புங்கள். என்ன பேட்டரி, எத்தனை மாதக் கியாரண்டி என்று அக்கறையாக விசாரியுங்கள். பொங்கலன்று பேசியதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டாம், கேட்டால் சந்தேகம் வந்துவிடும். அவர் சாரதிதான். நீங்கள் ஐந்தாம் வகுப்பில் எழுதியது பொய் இல்லை, கொஞ்சம் முந்தி எழுதிவிட்டீர்கள், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடுங்கள்.

உங்கள் கம்பனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி மூன்று வருடம், அதில் பதினாலு மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அதையும் சும்மா எழுதுகிறேன். முடிவு உங்களுடையது. ஆனால் மாமா மத்தியானத்திலிருந்து வெளியே வாங்கில் புவாட் நானாவைப் பிடித்து உட்காரவைத்து, பழைய விண்ணப்பப் படிவத்துக்குப் பின்னால் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்குப் பாதை வரைந்து வாங்கிக்கொண்டிருக்கிறார். வறக்காப்பொல, நிட்டம்புவ, மினுவாங்கொட, ஒவ்வொரு சந்திக்கும் வட்டம் போட்டிருக்கிறார். பயணம் முடிந்து வருகிறவர்கள் எந்தக் கதவால் வெளியே வருவார்கள், காரை எந்தப் பக்கம் நிறுத்தலாம் என்றெல்லாம் பவாஸிடம் கேட்டார். "அங்க எவ்வளவு பெரிய ஆள் வண்டி வந்தாலும் என் பாதையில நான் போகலாந்தானே" என்று என்னைக் கேட்டார். போகலாம் மாமா என்றேன். உங்கள் ஒப்பந்தம் முடிவது ஜூலையில் என்று அவருக்குத் தெரியும். ஜூனிலேயே முன் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார். எந்தத் தேதி என்று மட்டும் அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்.

ஆகவே அவர் பேசும்போது, என்னைக் கூட்டிவர வாடகை வேனுக்குச் சொல்லாதீங்கப்பா, நீங்களே வந்து கூட்டிப்போங்க என்று சொல்லி, ஒரு தேதியைச் சொல்லுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள். ஸ்பீக்கரில்தான் இருக்கும், எனக்கும் கேட்கும். பிள்ளையார் உங்களுக்குத் துணையிருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஃபோனை நேராகப் பிடித்துப் பேசுங்கள். வரும்போது நானும் அத்தையும் பின் சீட்டில் இருந்துகொள்வோம். முன் சீட்டு உங்களுக்கு.

என்றும் உங்கள்,
ஷாமிளா